மூச்சை விடலாம்

நான்காம் மாடியிலிருந்து கீழே ஸ்கேன் அறைக்கு
நாற்பது நிமிடம்.
லிஃப்டில் கட்டில் நுழைந்தால் மெஷின் நுழையாது,
மெஷின் நுழைந்தால் சிலிண்டர்.
“டியூப், டியூப்” என்று கத்திக்கொண்டே வந்தார்
நஸ்ரீன் சிஸ்டர்.

தேசப்பனுக்கு இப்போது நெஞ்சுக்கு வெளியேதான் நுரையீரல்.
தொடையிலிருந்து புறப்படும் ரத்தம் நேற்றைய மீனின் செவுள்,
கழுத்துக்குத் திரும்புவது விடிகாலை ஏலத்துச் செவுள்.
காசிமேட்டுக்காரன் நான்.
எனக்கு இப்படித்தான் தெரிகிறது.

சாயத்தை ஏற்றினால்
நெஞ்சைச் சேருமுன் மெஷினே உறிஞ்சிக்கொள்ளும்.
ஆகவே ஓட்டத்தைக் குறைத்தார்கள்.
தொண்ணூறு. எண்பத்தாறு.
எழுபத்தொன்பது.
பட்டனை அழுத்தினேன்.
“மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றது
எல்லாரிடமும் பேசும் அந்தப் பதிவுக்குரல்.
அணைத்து வைக்க மறந்திருந்தேன்.

படம் முழுக்க வெள்ளை,
பெட்டியில் ஐஸ் உடைத்துக் கொட்டினாற்போல.
இடது ஓரத்தில் மட்டும்
நகக்கண் அளவு கறுப்பு.
அது காற்று.

கதவுக்கு வெளியே அமுலுவுக்கும் கேட்டிருக்கிறது.
“புடிச்சுதா சார் அது?
விசிறில வலை சுத்திக்கினா
அதுதான் முங்கி அறுக்கும்.
ரெண்டு நிமிசம் புடிக்கும் சார்,
நான் கரையில எண்ணியிருக்கேன்.”

புடிச்சாரு என்றேன்.

குரலின் அடுத்த வாக்கியத்தை
நான் ஓடவிடவில்லை.
ஷிப்டு முடிந்து
கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கும்போதுதான்
அது நினைவுக்கு வந்தது.
டேங்கர் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.
ஹெல்மெட்டுக்குள் நான்
இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன்,
வண்டிகளை அல்ல.