கால்வாய் வரி பற்றிய நாற்பது பக்கங்கள்

மார்கழி பிறந்து நாலாம் நாள்
மீனாட்சிபுரத்துத் தெருக்களை விட்டு
ஆறு இறங்கிப் போயிருந்தது.
கிளை நூலகத்தில் கணுக்கால் சேறு.
மேசை மேல்,
நனைந்த தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது
பிரெஞ்சுக்காரர் எழுதிய அந்த நாவல்.
ஆயிரத்து நானூறு பக்கம்.
கழிவுப் பட்டியலில் எழுத
நூலகர் பேனாவைத் திறந்துவிட்டார்.

நான் மின்வாரியம்.
மீட்டர் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறதா
என்று பார்க்கப் போனவன்.
டெஸ்டரைப் பையில் போட்டுவிட்டு
இரண்டு கையாலும் அதைத் தூக்கினேன்.
அட்டை வழியே தாமிரபரணி சொட்டியது.
"இத எழுதாதீரும்வே."

உள்ளே ஒட்டிய தாளில் மை கலைந்த முத்திரைகள்.
எட்டு வருசமாக நாலே நாலு பேர்.
ஒருத்தர் திருப்பிக் கொடுத்த மறுநாளே
இன்னொருத்தர் எடுத்திருக்கிறோம்.
எண்களாகத்தான் பழக்கம்.
இருநூற்றுப் பதினேழு
பாபநாசம் பஸ் கண்டக்டர் ஆவுடையப்பன் என்பதும்
முன்னூற்று நாலு
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபக்கனி என்பதும்
நூலகர் போன் போட்டு வரவழைத்த பிறகுதான் தெரியும்.
மேலப்பாளையத்திலிருந்து ரஹ்மத் பீவி
பாலிதீன் பையில் பழைய வேட்டிகளோடு வந்தார்.
சுற்றி வைத்துத் தண்ணீர் உறிஞ்சவாம்.

வெயிலில் வைத்தால் தாள் சுருளும்.
இஸ்திரி வண்டி வண்ணமுத்துவிடம் போனோம்.
அவர் புத்தகத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.
"சட்டைக்குப் பத்து ரூவா. இதுக்கு என்னத்தப் போட?"
வேட்டியை மேலே விரித்து
கரிப்பெட்டியின் சூட்டைக் குறைத்து
ஒவ்வொரு தாளாகத் தேய்த்தார்.
ஈரமும் வேப்பிலையும் கலந்த ஒரு வாசம்
பக்கங்களிலிருந்து ஆவியாய் எழுந்தது.

எழுநூற்று இரண்டாம் பக்கம் இல்லை.
பதினோரு வருசம் காணாமல் போன தம்பியை
அக்கா மதகடியில் சந்திக்கும் பக்கம்.
அதை மட்டும் கிழித்துக்கொண்டு
ஆறு ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டது.

"ஓங்கி ஒரு அறை விடுவா" என்றார் கண்டக்டர்.
"அறையவே இல்ல. சாப்பிட்டியான்னு கேப்பா."
"பிரெஞ்சுக்காரி அப்படிக் கேப்பாளா, சிஸ்டர்?"
"கேட்டா. நான் பென்சில்ல கோடு போட்ருக்கேன்."
ரஹ்மத் பீவி தலையசைத்தார்:
ரெண்டு பேரும் பேசவே மாட்டாங்க,
அவன் குடையை மட்டும் அக்கா பக்கம் நகர்த்துவான்.
எனக்கோ மழை மட்டும் ஞாபகம்.
குடை இருந்ததா?
சத்தியமாய்ச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் ஜெபக்கனி
அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினார்.
யாரும் எதுவும் எழுதவில்லை.

எண்ணூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தபோது
வண்ணமுத்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.
"இதுக்குத் தேய்ப்பு வேண்டாம். நனையவே இல்லயே."
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
கால்வாயில் போகும் படகுக்கு என்ன வரி,
உப்புக்கு எவ்வளவு, கரிக்கு எவ்வளவு என்று
ஆசிரியர் இழுத்துக்கொண்டே போகும் நாற்பது பக்கம்.
எட்டு வருசத்தில் நாலு பேரும்
கட்டாகப் பிடித்துப் புரட்டிய பக்கம்.
யாரும் பிரிக்காத இடத்தில்
வெள்ளமும் நுழையவில்லை போல.

கரி தணியட்டும் என்று
வண்ணமுத்து அதைப் படிக்க ஆரம்பித்தார்,
உதடு அசைய, விரல் ஓட்டி.
டீ வந்தது. கண்டக்டருக்கு டூட்டி நேரம் ஆனது.
அவர் போகவில்லை.

"ஏ அண்ணாச்சி,
இந்த உப்புப் படகுக்காரப் பய
எடையக் குறைச்சுச் சொல்லுதாம்லா, மாட்டிக்கிடுவானா?"

எந்தப் படகுக்காரன்?

"வரிக்காரன் பேரு கேக்கான்.
பொய்ப் பேரு சொல்லுதான்.
கையில தீக்காயத் தழும்பு."

ரஹ்மத் பீவியின் கையில் டீ தளும்பியது.
அந்தத் தழும்பு இரண்டாம் அத்தியாயத்தில்,
அக்கா சோறு வடிக்கும்போது
தம்பி மேல் கஞ்சி கொட்டியது.
பதினோரு வருசம் எங்கே கிடந்தானோ என்று
ஆஸ்பத்திரி நைட் டூட்டியில் ஒருத்தி அழுதிருக்கிறாள்.
முக்கூடல் தாண்டும் கடைசி பஸ்ஸில்
ஒருத்தர் விசில் ஊத மறந்திருக்கிறார்.
நாங்கள் தாண்டிப் போன பக்கத்தில்
அவன் உப்பு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

நாலு கை ஒரே நேரத்தில் நீண்டது.

வண்ணமுத்து புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
"இருங்கவே. இன்னும் ஆறு பக்கம் கெடக்கு."