கொசுறு

குரல்கள் போய் இருபத்தோரு நாள் ஆகியிருந்தது.
பெரியாஸ்பத்திரி சீட்டில்
நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருந்தது.
அண்ணன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு
நாசிக் லோடுக்குக் கிளம்பிப் போனான்.
விளாங்குடி டீக்கடையில்
எனக்கும் இப்போது கண்ணாடி கிளாஸ்.

குரல்கள் இருந்தவரை
எனக்கு ஒரு வேலை இருந்தது,
அவற்றுக்குப் பதில் சொல்வது.
அவை காலிசெய்து போன பிறகு
ஆணி அடித்த தடமெல்லாம் தெரிந்தது.
கப்பலூர் கம்பெனியில் என் லேத்தில் வேறொருவன்.
பேசி முடித்த பெண்ணுக்கு இரண்டாவது பிள்ளை.
ஆதார் அட்டைக்கு முப்பத்தொன்று,
நான் இருபத்து நாலில் நின்றிருந்தேன்.
நடுவில் ஏழு வருஷத்தை
எடுத்துப் போனது யார் என்று கேட்க
ஒரு குரல்கூட இல்லை.

தெளிந்தவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று
சீட்டில் யாரும் எழுதவில்லை.

மதினிக்குப் பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை.
மூணு மணிக்குச் சாக்கு மடித்துக் கிளம்புவாள்.
வீரசின்னுவைத் தராசில் ஏமாற்றியவன்
இன்னும் பிறக்கவில்லை.
அன்றைக்குத் தூங்குகிற அவள் மகன் கையில்
என் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன்.
"அவனே வச்சுக்கட்டும், எனக்கு எதுக்கு" என்றேன்.

எனக்கு எதுக்கு.
அந்த ரெண்டு சொல்லின் எடை
அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாக்கைக் கீழே போட்டாள்.
சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.
ஏன் ஒருமாதிரி இருக்க என்றுகூட இல்லை.
"தவமணி, செத்துரலாம்னு தோணுதா?"

கேட்கும்போது அவள் உதடு நடுங்கியது.
ராத்திரியில் பாம்பென்று சொல்லாமல்
பூச்சி என்கிற ஊர் இது,
பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று.
ஆனால் அது எப்போதோ வந்து
என் தட்டிலேயே
கை போட்டுத் தின்றுகொண்டிருந்தது.
அவள் கேட்டபோதுதான்
அதன்மேல் முதல்தடவை விளக்கு வெளிச்சம் பட்டது.

"ஆமா மதினி."

தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.
சத்தியம் வாங்குவாள்,
பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொள்வாள் என்று.
"சரி" என்றாள்,
பாக்கிக் கணக்கைக் கேட்டுக்கொண்டது மாதிரி.
"இன்னைக்கா?"
"தெரியல."
"தெரியுறவரைக்கும் நான் எங்கயும் போகல."

மார்க்கெட்டுக்குப் போன் போட்டாள்.
"எங் கொழுந்தனுக்கு ஒடம்பு முடியல."
பைத்தியம் என்ற ஒரு வார்த்தையைத் தள்ளிவிட்டு
இந்த வார்த்தைகள் எங்கள் வீட்டுக்குள் வர
ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.
பையன் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி
என் கையில் கட்டினாள்.
"மொத பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் இருக்கு, பாரு."
நாற்பது நிமிஷம் இருந்தது.
நாற்பதும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கோரிப்பாளையத்தில் இறங்கி நடந்தோம்.
தூக்கம் தீராத கண்ணோடு ஒரு டாக்டரம்மா
அவளைப் போலவே நேராகக் கேட்டார்.
மாத்திரையை மாற்றி எழுதினார்.
மதினியைத் தனியாகக் கூப்பிடாமல்
என் முன்னாலேயே சொன்னார்:
"நல்லாயிட்டு வரும்போதுதாம்மா
நாங்க ரொம்பப் பாத்துக்குவோம்."

இப்போது மாத்திரை டப்பா
வெங்காயக் கடைக் கல்லாவில் இருக்கிறது.
ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்கு உள்ளதுதான் எனக்கு.
காலை மூணு மணிக்கு, செருப்பைத் தேடிக்கொண்டே,
"இன்னைக்கு என்ன ரேட்டு?"
ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்ல வேண்டும்.
எட்டுக்கு மேல் என்றால் பஸ், கோரிப்பாளையம், அதே பெஞ்சு.
ஆடியில் இரண்டு தரம் ஒன்பது.
வெங்காயம் சாக்கிலேயே முளைத்தது,
அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
ஒருநாள் ரெண்டு என்று பொய் சொன்னேன்.
மூஞ்சியைப் பார்த்தாள்.
"கல்ல வச்சு நிறுக்காத" என்றாள்.
ஆறு என்று ஒத்துக்கொண்டேன்.

இன்றைக்கு நாலு.
"நாலேகால்" என்று திருத்தினேன்.
"கால் எதுக்கு?"
"கொசுறு."

சிரிக்கவில்லை.
சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு
வாசலில் திரும்பினாள்.
"பத்து மணிக்குப் போன் போடுவேன்.
மறுபடி கேப்பேன்."