அளவுக்கு ஒரு ஆள்

கோத்தகிரி டானிங்டனில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
இங்கிருந்துதான் வரைகிறேன்
தூத்துக்குடிக்கு ஒரு கப்பல் முனையம்.

நானூற்றிருபது அடிக் கூடம்,
நடுவில் தூணே இல்லாத கூரை,
ஓதம் ஏறி இறங்குவதற்கேற்ப
கீல் வைத்த நடைபாலம்.
தரை அசையும் என்பதைக்
கணக்கில் மட்டும் நம்புகிறேன்.
இங்கே தரை அசைந்தால்
பள்ளிக்கூடம் லீவு.

கூடத்தின் உயரம் தெரிய
அளவுக்கு ஆள் நிறுத்த வேண்டும்.
மென்பொருளில் கிடைத்தவர்கள் எல்லாம்
தொப்பியும் உருளும் பெட்டியுமாய்
யாரையும் பார்க்காமல் நடக்கிறார்கள்.
ஜன்னலைத் திறந்து
பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் போஜனைப்
படமெடுத்தேன்.
மப்ளர், குரங்குக் குல்லா,
கக்கத்தில் நோட்டு.
மூன்றாம் வாயிலருகே நிறுத்தியதும்
கூரை சட்டென்று உயர்ந்தது.

கரையிலிருந்து போன்:
"இங்க முப்பத்தெட்டு டிகிரிம்மா.
குல்லாவைக் கழட்டு."
கழற்றினேன். மப்ளரையும்.
கழுத்து குளிர்ந்தது, எனக்கு.

மறுபடி போன்:
"யாரும்மா இது, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி?
கப்பலுக்கு நிக்கிற ஆளாப் போடு."

கப்பலுக்கு எப்படி நிற்பார்கள்
என்று நான் கேட்கவில்லை.
அழித்தேன்.

கரண்ட் போய் வந்தது.
எதிர்க்கடைப் பலகையில்
பாதி எழுத்தைப் பனி தின்றிருந்தது.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்,
நிழல் வேறொரு அடுக்கில் இருந்திருக்கிறது.
கண்ணாடி வழி விழும் நாலுமணி வெயிலில்
மூன்றாம் வாயில் தரைமேல்
நீளமாய்க் கிடக்கிறது,
குல்லாவோடு.

இதுவரை போன் வரவில்லை.