பெப்ரவரிப் பெண்

துறைமுகக் கிளார்க் தந்த ஜப்பான் நாட்காட்டி.
ஓகஸ்ட் வந்தும் நான் பெப்ரவரியைக் கிழிக்கவில்லை.

கைக்கண்ணாடியில் தன் பிடரியைப் பார்க்கிறாள் அவள்.
உதட்டுச் சிவப்பு மயிரளவு விலகி அச்சாகியிருக்கிறது,
அவசரத்தில் பூசிக்கொண்டவள் போல.
அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும்.

நெற்றியோர முடிகளை
மரத்தில் யாரும் கீறவில்லையாம்.
முடியல்லாத மரத்தையெல்லாம்
கொத்தி எறிந்துவிட்டு
மிஞ்சியதில் மை தடவினார்களாம்.
கிளார்க் சொன்னார். பாதி நம்பினேன்.

இன்று பகல், உட்துறைமுக வீதி வெயிலிலிருந்து
பௌமியா உள்ளே வந்தாள்.
திரையை இழுத்தேன்.
முக்காட்டின் ஊசிகளை ஒவ்வொன்றாக
என் சீப்புத் தட்டில் வைத்தாள். ஐந்து.
"கழுத்துத் தெரிய வெட்டு, மரிஸ்டெல்லா.
அவருக்குப் பிடிக்காது. வெட்டு."

வெட்டினேன்.
தரையில் ஒன்றரை முழம் கறுப்பு.
பிடரியில் ஒரு மச்சம்,
முப்பத்தெட்டு வயது வரை
அவளே பார்த்திராதது.

கைக்கண்ணாடியை நீட்டினேன்.
சுவரை ஒருமுறை பார்த்து
அவள் பிடித்திருப்பது போலவே பிடித்தாள்.
கோணம் சரிவரவில்லை. மின்விசிறிதான் தெரிந்தது.
சிரித்தோம்.
"இவள் ஆரடி?"
தெரியாது என்றேன்.

போகும்போது ஓர் ஊசியை மறந்துவிட்டாள்.
அதில்தான் இப்போது
பெப்ரவரி தொங்குகிறது.