மஞ்சள் துணி

எனக்குத் தெரிந்தது இரண்டே பேரை.
எனக்கு முன்னால் கௌசியா,
அரியேஜ் ஆற்றங்கரையில் விலாங்குமீன் விற்பவள்.
எனக்குப் பின்னால் இசார்ன்,
கழுதைமேல் உப்பேற்றி மலைக்குப் போகிறவன்.
அவள் கூடைக்கு அடியில் வைத்துக் கொடுப்பாள்,
நான் மாவுச்சாக்கில் செருகி அனுப்புவேன்:
ஆசீர்வதித்த அப்பத்தில் ஒரு விள்ளல்,
ஒரு பொட்டலம் ஊசி,
சில நாள் ஓர் ஆள்.

ஆள் இரவில் வருவார்.
இறைச்சி தொடமாட்டார், முட்டை தொடமாட்டார்,
தன் சட்டியைத் தானே சுமந்துவந்து
என் அடுப்பில் ஏற்றிக்கொள்வார்.
சேவல் கூவும்போது
கழுதைச் சாணமும் குளம்படியும்தான் வாசலில் இருக்கும்.
பெயர் கேட்டதில்லை.
எங்கள் போதனையில்
நான் ஒழுங்காகப் படித்தது அது ஒன்றுதான்.

விசாரணை அறையில் மூன்று பேர்.
ஒருவர் கேட்டார். ஒருவர் எழுதினார்.
மூன்றாமவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்;
அவரிடம்தான் எனக்குப் பயம்.
யாரோடு சாப்பிட்டாய்,
கதவைத் திறந்தது யார்,
விளக்கைப் பிடித்தது யார்,
அவளுக்கு நீ என்ன முறை?
கடவுளைப் பற்றி ஒரே கேள்வி.
அதற்கும் பதிலை முடிக்க விடவில்லை.

எனக்குப் புத்தி இருப்பதாக நினைத்தேன்.
செத்தவர்களை மட்டும் சொன்னேன்.
காய்ச்சலில் போன நாத்தனார் புரூனா.
பனிச்சரிவில் புதைந்த இடையன் பெலிபென்.
பீப்பாய் செய்கிற பொன்ஸ், அவன் இரண்டாம் மனைவி.
மண்ணுக்குள் போனவர்களை
இனி யார் என்ன செய்துவிட முடியும்?
இறகை நனைத்து நனைத்து எழுதினார் அவர்.

பனி உருகியதும் மண்வெட்டிகளோடு வந்தார்கள்.
புரூனாவை வைக்கோல் பாயில் சுருட்டி
சந்தைத் தெரு நெடுக இழுத்துப்போய்
எரித்தார்கள்.
எலும்பு லேசில் பிடிக்காது.
விறகு போதாமல் இன்னொரு வண்டி வந்தது.
அப்புறம் அவள் மகனின் வீடு.
அப்புறம் அவன் உழவு மாடுகள்.
செத்தவளுக்குப் பிள்ளை உண்டென்பதை
நான் மறந்திருந்தேன்.
அவன் இப்போது என்னைக் கண்டால்
சாக்கடையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறான்.
போகட்டும்.

எனக்கு இரண்டு சிலுவை, மஞ்சள் துணியில்.
மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று.
கிழிந்தால் நானே தைக்கவேண்டும்,
துணிக்குக் காசும் என்னுடையது.

மிக்கேல் திருநாள் சந்தைக்குப் போனேன்,
மூன்று பள்ளத்தாக்கு தள்ளி,
என்னை அறியாத ஊர்.
தோல் வரிசையில் ஒரு மஞ்சள்.
கிணற்றடியில் ஒருத்தியின் மார்பில் ஒரு மஞ்சள்,
கைக்குழந்தை அதன் முனையைச் சப்பிக்கொண்டிருந்தது.
நூல்கடை முன் குனிந்த ஒரு கிழட்டு முதுகில்
இன்னொன்று.

ஒருவரையொருவர் தெரியாமலிருக்க
எத்தனை பாடுபட்டிருப்போம்.
இவர்கள் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள்,
எங்களை எங்களுக்கே.
சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டேன்.

கிழவன் திரும்பி என் தையலைப் பார்த்தான்.
"சாயம் மட்டம். மழைக்கு நிற்காது.
ஆற்றுக்கு அந்தண்டை சாயக்காரி ஒருத்தி,
அவள் பெயர்…"

ஒற்றனாக இருக்கலாம்.
அவள் வெறும் சாயக்காரியாகவும் இருக்கலாம்.
என் கையில் அரைப்படி பயறு,
ஒழுகிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

"உயிரோடு இருக்கிறாளா?"
"இருக்கிறாள்."
"அப்படியானால் பெயர் வேண்டாம்," என்றேன்,
"வழியைச் சொல்."