ஆறாவது நாள்

ஜூன் மாதத்தின் ஆறாவது வேலை நாள்.
கணவாய்க் காற்று கொடிக்கயிற்றைக்
கம்பத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறது.
இன்று பள்ளியில் இருக்கும் தலைகள்தான்
இந்த வருடத்துக்குத் தலைகள்.
நாளைக்கு வருகிற பிள்ளை
படிக்கலாம், சோறு தின்னலாம்,
கணக்கில் வராது.

முள்ளஞ்சள்ளை எல்.பி. ஸ்கூல், தமிழ் மீடியம்.
ஒன்று முதல் நான்கு வரை
எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது.
அதில் இரட்டையர் இருவர்
மாமன் வீட்டுக் காதுகுத்துக்கு
வேலந்தாவளம் தாண்டிப் போயிருக்கிறார்கள்.
கறிச்சோறு முடியாமல் திரும்பமாட்டார்கள்.
என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு
சுபைதா டீச்சர் விரட்டிப் போயிருக்கிறாள்.

காத்திருக்கிற நேரத்தில்
பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்தேன்.
எண்பத்தொன்றைக் கரையான் முழுதாகவும்
எண்பத்திரண்டைப் பாதியும் தின்றிருந்தது.
எண்பத்து மூன்று தப்பியிருந்தது.
ஒன்றாம் வகுப்பு மட்டும் மூன்று டிவிஷன்:
ஏ-யில் ஐம்பத்தொன்று, பி-யில் நாற்பத்தொன்பது,
சி-யில் ஐம்பத்து மூன்று.
பழனாத்தாள், காதர் மொய்தீன், வெள்ளைக்குட்டி, மயிலாத்தாள்...
முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்த தேதி ஒன்றே.
ஐந்து வயது ஆகவேண்டுமே என்று
யாரோ ஒரு வாத்தியார்
ஒரே நாளில் நூறு பிள்ளை பெற்றிருக்கிறார்.

சுற்றுச்சுவரில் அந்தக் காலத்துச் சிவப்பு முக்கோணம்.
நாம் இருவர் நமக்கு இருவர்.
எத்தனை முறை வெள்ளையடித்தாலும்
மழைக்கு மேலே வந்துவிடுகிறது.
அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுதான்
நூற்றைம்பத்து மூன்று பேரும் ஐஸ் சப்பினார்கள்.
எழுத்துக் கூட்டி அதைத்தான் வாசித்தார்கள்.
நன்றாகவே வாசித்திருக்கிறார்கள்.

மிச்சமிருந்த ஒன்றையும் இரண்டையும்
மஞ்சள் வேன் அள்ளிக்கொள்கிறது.
அதன் முதுகில் எழுதியிருக்கிறது,
"ஒரு வகுப்பில் இருபதே பிள்ளைகள்."
எங்கள் வகுப்பில் ஐந்தே பிள்ளைகள்.
ஒவ்வொருத்தர் 'ழ'வும் எந்தப் பக்கம் சாயும் என்று
எனக்குத் தெரியும்.
இதற்குப் பெயர் ஆதாயமில்லாத பள்ளி.

மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறினோம்.
பை தருகிறோம், குடை தருகிறோம்,
முட்டை உண்டு, பால் உண்டு.
கள்ளிறக்கும் தங்கவேலுவின் மனைவி பூரணி
எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"உங்க பொண்ணு எங்க படிச்சுது டீச்சர்?"
நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.
சொம்பு நிறையக் கொடுத்தாள்.
முழுவதும் குடித்தேன்.

பொள்ளாச்சியில். அதே மஞ்சள் வேனில்.
இந்தப் பள்ளியின் சம்பளத்தில்.

பத்து மணிக்கு ஆஜர் எடுத்தேன்.
முன்வரிசையில் ரோஷ்னி டோப்போ.
தென்னைநார் கம்பெனி ஷெட்டில்
ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம்.
ஆறு நாளும் எனக்கு முன்னால் வந்தவள்.
தமிழில் அவளுக்கு ஒரு சொல் தெரியும்.
"தன்ஷிகா?" "உள்ளேன் டீச்சர்" என்றாள் ரோஷ்னி.
"முகமது ரிஸ்வான்?" "உள்ளேன் டீச்சர்."
இரட்டையர் பெயரைக் கூப்பிட்டபோதும்
எழுந்து நின்று
இரண்டு முறை உள்ளேன் என்றாள்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
நான் திருத்தவில்லை.

பதினொன்றரைக்கு ஸ்கூட்டர் வந்தது.
பின்னால் ஒரே ஒரு மொட்டைத் தலை,
சந்தனம் வழிய, காது வீங்கி,
கையில் பாதி தின்ற முறுக்கு.
"இன்னொண்ணு மாமன் மடியை விட்டு இறங்கமாட்டேன்னுடுச்சு"
என்றாள் சுபைதா. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் அவள்தான்.
இடம் ஒன்று குறைந்தால் போகவேண்டியவளும்.

ஏ.இ.ஓ. ஆபீஸ் படிவத்தில்
பதினெட்டு என்று எழுதினேன்.
எட்டுக்கு முன் பேனா கொஞ்சம் நின்றது.
ஒரு கோட்டில் ஒன்பதாகியிருக்கும்.

சமையல் அறையிலிருந்து வேலுமணி அக்கா
உழக்கோடு எட்டிப் பார்த்தாள்.
"எத்தன பேருக்குப் போடட்டும் டீச்சர்?"
"பத்தொம்பது" என்றேன்.
"ரோஷ்னி ரெண்டாந்தரம் கேப்பா."