பன்னிரண்டில் ஒரு பங்கு

பகலில் நான் செய்வது அடுத்தவர் பற்கள்.
கீழ்ப்பாக்கத்தில் பல் லேப்.
மீந்த பிளாஸ்டரில் பூரணிக்கு இட்லி வார்ப்பேன்,
கடைவாய்ப்பல் அளவில்.

கொளத்தூர் வீட்டில்
வாஷிங் மெஷின் மூடிமேல் அவள் சமையலறை.
துணி துவைக்கும் நாளில் பூகம்பம்.

ஐந்தரை அங்குலம்.
ஈவினிங் பஜாரில் வாங்கியபோது
பொன்முடியும் நீலக்கண்ணும்.
நகப்பூச்சு அழிப்பானால் துடைத்துவிட்டு
கறுப்பில் வரைந்தேன்.
வலது கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

முகம் அவளுக்கு ஒன்றுதான்.
விளக்கை இடப்பக்கம் இறக்கினால் கோபம்.
கழுத்தை ஒரு நூலளவு சாய்த்தால்
அழுதுகொண்டிருக்கிறாள்.
எதையும் தொடாமல் விட்டால் யோசிக்கிறாள்.
அப்போதுதான் எனக்குப் பயம்.

ஞாயிறுதோறும் ஒரு பாகம்.
ஒரு படம், கீழே இரண்டு வரி,
லிஃப்டுக்குள்,
பராமரிப்புக் கட்டண நோட்டீசுக்குப் பக்கத்தில்.
நான்கு மாடி ஏற இருபத்தாறு விநாடி.
படிக்கப் போதும்.

ஏழாம் பாகத்தில், கேட்காமலே,
ஒரு கட்டெறும்பு படத்துக்குள் நடந்து வந்தது.
திருத்தச் சோம்பல்.
"பூரணிக்கு நாய் என்றால் பிரியம்" என்று எழுதிவிட்டேன்.
அடுத்த வாரம் முதல் மாடிப் பையன் இனியன்
நாய் எங்கே என்றான்.
அன்றிலிருந்து செட்டின் மூலையில்
சர்க்கரை வைக்கிறேன்.
வரும் எறும்பு வந்த எறும்பில்லை.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பதினெட்டில் கருணாகரன் தட்டை வீசினான்.
தட்டு என்பது சட்டைப் பொத்தான்.
நூலில் தொங்கவிட்டு நாற்பது முறை எடுத்தேன்.
நாற்பத்தொன்றில் நூல் அறுந்து
நிஜமாகவே பறந்து எங்கோ விழுந்தது.
அந்தப் படத்தைத்தான் ஒட்டினேன்.
அந்த வாரம் லிஃப்டில்
யாரும் யாரோடும் பேசவில்லை.

பத்தொன்பதில் பூரணி பெட்டியை எடுத்தாள்.

செயலாளர் வரதராஜுலு கதவைத் தட்டினார்.
"குடும்பங்கள் இருக்கற இடம், மேடம்.
அவளைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க."
வாசல்வரை போய்த் திரும்பினார்.
"நாயையும் கூட்டிட்டுப் போறாளா?"

மூன்று மாதமாகக் கோயம்பேட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன்.
தூண்கள், டிக்கெட் ஜன்னல்,
மீன்தொட்டிக் கடை நீல பல்பில் பின்னிரவு.
கட்டி முடித்த வாரம்
பேருந்து நிலையம்
கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டது.
பூரணி தூணடியில் உட்கார்ந்திருக்கிறாள்.
வராத பஸ்ஸுக்கு அவள் காத்திருப்பது
கதையா, என் தப்பா என்று
எனக்கே தெரியவில்லை.
அப்படியே ஒட்டினேன். இருபது.

திங்கள் காலை யாரோ நகத்தால் சுரண்டி
பாதியைக் கிழித்திருந்தார்கள்.
பூரணி போய்விட்டாள்.
பெட்டி மட்டும் இருந்தது.

புதன் இரவு லிஃப்டில் நானும்
மூன்றாம் மாடி ஹேமலதாவும்.
ஒரு நாளும் பேசியதில்லை.
கதவைப் பார்த்தபடியே கேட்டார்:
"இங்கேருந்து கிளாம்பாக்கம் போக
எத்தனை பஸ் மாறணும்?"

மூன்று என்ற எண் எரிந்தது.

"ரெண்டு," என்றேன்.
யாருக்கு என்று கேட்கவில்லை.

"பெட்டியோட கஷ்டம்தான்."
இறங்கிப் போனார்.

அன்றிரவு பூரணியின் பெட்டியைப் பிரித்து
தீப்பெட்டி அட்டையில்
சின்னதாக ஒன்று செய்தேன்.
ஒரு கையால் தூக்கலாம்.
இன்னொரு கை காலியாக இருக்கும்.

இருபத்தொன்றாம் பாகம் இன்னும் ஒட்டவில்லை.
சர்க்கரை வைத்திருக்கிறேன்.
நாய் வரட்டும்.